சிலுவை சொன்னது

“கடல் என் தாய். அவள் மடியில் மூச்சடக்கிக் கிடக்கும்போதுதான் நான் உயிரோடு இருப்பதை உணர்கிறேன். இப்படிக்கு, சிலுவை, சங்கு குளிப்பவர், திரேஸ்புரம்.”

திரையில் தெரிந்ததை வாசித்து முடித்தபோது பேராசிரியர் எஸ்றாவின் குரல் கம்மியது. பக்கத்திலிருந்த இரண்டு பேராசிரியைகள் கைதட்டினார்கள். முதல்வர் கிருபாபாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த விஜிலாவுக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது.

மாணவர்களின் ஆராய்ச்சிக்கும் எழுத்துக்கும் உதவ ஒரு ஏஐ செயலியைக் கல்லூரி வாங்கப்போகிறது. எதை வாங்குவது என்று முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம். ஆய்வு மாணவர்கள் சார்பில் விஜிலா வந்திருந்தாள்.

போட்டியில் இருந்தவை இரண்டு செயலிகள். இரண்டுக்கும் எஸ்றா ஒரே கேள்வியைக் கொடுத்திருந்தார்: தூத்துக்குடி சங்குகுளித் தொழிலாளர் வாழ்க்கை, ஒரு தொழிலாளியின் வாய்மொழியோடு. அந்தத் தொழிலாளர் வாழ்க்கைதான் விஜிலாவின் முனைவர் பட்டத் தலைப்பு. கைதட்டல் கிடைத்தது முதல் செயலி எழுதித் தந்ததற்கு. அதைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவரே எஸ்றாதான்.

“ரெண்டாவது என்ன சொல்லுதுன்னு பாருங்க” என்று சிரித்தபடி அவர் அடுத்த பக்கத்தைத் திறந்தார்.

‘சிலுவை என்பவரைப் பற்றி எஸ். விஜிலா எழுதிய ஒரு கட்டுரை மட்டுமே கிடைத்தது. சிலுவை எப்படி முங்குகிறார், காற்றுக் குழாயைச் சுண்டிப் படகுக்கு எப்படிச் சைகை கொடுக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அவர் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. தேவையென்றால் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.’

“எல்லாத்தையும் நாமளே நேர்ல போய்க் கேக்கணும்னா இது எதுக்கு?” என்றார் எஸ்றா. கூட்டம் சிரித்தது.

விஜிலா எழுந்துவிட்டாள். “சார், முதல்ல உள்ளது பொய். அந்தச் செயலி என் கட்டுரையில இருந்து பேரை மட்டும் எடுத்துக்கிட்டு, பேச்சை அதுவா கட்டிவிட்டிருக்கு.”

“உக்காரும்மா. மிஷினு உன்னவிட நல்லா எழுதிட்டுன்னு உனக்கு எரிச்சல்.” எஸ்றா மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “ஒரு மனுசனைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்கா. அவன் வாயில இருந்து ஒரு வார்த்தை உண்டா? அதுல உயிர் எங்கன இருக்கு?”

போன வாரம் தன் அறையிலும் இதையேதான் அவர் சொன்னார். பழைய நெறியாளர் ஓய்வு பெற்ற பிறகு விஜிலா அவர் பொறுப்பில் வந்திருந்தாள். செயலி எழுதிய இந்த வரிகளை ஆய்வேட்டில் சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அவர் சொல்ல, அவள் முடியாது என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அன்றைக்கே ஒரு வார்த்தையில் அவர் வாயை அடைத்திருக்கலாம். நியாயம் தன் பக்கம் இருக்கும்போது அடுத்தவர் பரிதாபம் எதற்கு என்று விட்டுவிட்டாள்.

“இப்ப அங்கன யாரும் மூச்சடக்கி முங்குறதில்ல சார். கம்ப்ரசர் குழாய்லதான் மூச்சு விடுதாங்க” என்றாள். “இந்த மாதிரி மேடைத்தமிழும் யாரும் பேச மாட்டாங்க.”

“அது கவித்துவம்மா. உனக்குப் புரியாது.”

“ஒரு ஆள் சொல்லாததைச் சொன்னதா எழுதுததுக்குப் பேரு கவித்துவம் இல்ல சார். களவாணித்தனம்.”

எஸ்றாவின் காது சிவந்தது.

கிருபாபாய் குறுக்கிட்டார். “எஸ்றா சார், அந்தப் பொண்ணு குரலை உயர்த்துறது தப்புதான். ஆனா கேக்குறது சரியான கேள்வி. அந்த ஆள் நெசமாவே இப்படிச் சொன்னாரா? இல்லாததை எழுதித் தர்ற செயலியைப் பிள்ளைங்க கையில குடுத்துட்டு, நாளைக்கு நாம யாரைக் கண்டிக்க முடியும்?”

எஸ்றா மேசையில் ஓங்கித் தட்டினார்.

“விசாரிக்காமயா மேடம் கொண்டுவருவேன்? நேத்து சாயங்காலம் நானே திரேஸ்புரம் போனேன். சிலுவை வீட்டுத் திண்ணையில உக்காந்து, அவர்கிட்டயே பேசிட்டு வந்தேன். வாய் ஓயாமப் பேசுதார் மனுசன். இந்த வரியை வாசிச்சுக் காட்டினேன். ‘ஆமா சார், நான் அடிக்கடி சொல்லுததுதான்’னார். போதுமா?”

கிருபாபாயின் முகம் தெளிந்தது. பேனாவைக் கையில் எடுத்தார். “அப்பறம் என்ன? சார் நேர்லயே கேட்டுட்டு வந்திருக்கார். விஜிலா, நீ சார்கிட்ட மன்னிப்புக் கேட்டுரும்மா.”

விஜிலா எஸ்றாவையே பார்த்தாள். போன வாரத்திலிருந்து அவள் கொதித்ததெல்லாம் ஒரு இயந்திரத்தின் மேல். அதற்காவது தான் சொல்வது பொய் என்று தெரியாது. இப்போது கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் குரல் தணிந்தே வந்தது.

“அவர் வாயாலயே சொன்னாரா சார்?”

“பின்ன, நான் என்ன பொய்யா சொல்லுதேன்?”

“சிலுவை எங்க அப்பா சார். அவருக்குப் பிறவியிலேயே பேச்சு வராது.”