முட்டு

“ரெண்டு லட்சம் மைல் ஓடின கிழட்டுக் கார் எஞ்சின். காத்தைத் திணிக்கிற சூப்பர்சார்ஜரைப் பூட்டினால் வெடிக்கும், விசரா!”

நகுலேஸ்வரன் எவ்வளவு கத்தியும் கூட்டாளி குணரத்தினம் கேட்கவில்லை. அதை வாங்கி வைத்துவிட்டு, எண்பத்தாறாம் வருஷத் தைமாதக் குளிரில் முட்டு வந்து, மூச்செடுக்க முடியாமல் செத்துப்போனான்.

செத்தவனோடு சண்டை பிடிக்க முடியாத ஆத்திரத்தில், “வெடிக்கட்டும்” என்று லவால் நகரத்துக் கராஜில் நகுலேஸ்வரனே அதை அவனுடைய காரில் பூட்டினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் குணரத்தினத்தைப் போலவே இழுத்து இழுத்து இருமியது.

“செத்தும் என்னை விடமாட்டியோ?”

சாவியைப் பிடுங்கினான். இருமல் நிற்கவில்லை. பற்றரியைக் கழற்றி வெளியே பனிக்குள் எறிந்தான்.

இருமல் நின்றது. பிறகு, குணரத்தினத்துக்கு ஒருநாளும் வாய்க்காத மாதிரி, எஞ்சின் முட்டில்லாமல் ஆழமாக மூச்செடுக்கத் தொடங்கியது.