பாறைப் பொந்தில் ஒரு கை

"விட்டுத் தொலைங்களேன் அந்தக் கெளுத்திய!" "கத்தாதடி, மீன் மிரளும்!" "மீன் மிரளுமாம்! மேல மழை கொட்டுது, தண்ணி நிறம் மாறுது, கண்ணு தெரியலையா?" மலையோடையில் குனிந்து, நீருக்கடியில் உள்ள பாறைப் பொந்துக்குள் தோள்வரை கையை நுழைத்திருக்கிறான் மீன்காரன். கரைப் பாறையில் மண்டியிட்டு அவன் சட்டைக் காலரை இரண்டு கைகளாலும் பற்றியிருக்கிறாள் மனைவி. சற்றுமுன் கண்ணாடியாக இருந்த நீர் இப்போது செம்மண் கலந்து வருகிறது. சருகும் நுரையும் அவன் கழுத்தில் மோதிச் சுழல்கின்றன. மேலே எங்கோ கல் உருளும் சத்தம். "பிடிச்ச மீன விட்டா மானம் போயிடுமோ? உங்க அப்பாவுக்கும் இதே வீம்புதான்!" "எங்கப்பாவ எதுக்கு இழுக்கிற? முடிஞ்சா என்னை இழு." அவன் சிரிக்கிறான். அவள் மூச்சைப் பிடித்து இழுக்கிறாள். தையல் பிரிகிறது, அவன் அசையவில்லை. நீர் முகவாயைத் தொடுகிறது. சிரிப்பு மட்டும் அவன் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, உதடுகள் வெளுத்துவிட்டன. "கும்பிடறேங்க, கையத் திறங்க! மீன் போனா போகட்டும்!" அவன் தலையை அண்ணாந்து, வாய்க்குள் நீர் புகாமல் மெதுவாகச் சொல்கிறான். "திறந்து ரொம்ப நேரமாச்சுடி. மீனோட ஒரு முள்ளு என் உள்ளங்கையில ஏறியிருக்கு, இன்னொண்ணு பாறையில மாட்டியிருக்கு. நான் எப்பவோ விட்டுட்டேன், அதுதான் விடல."