வெள்ளை மான்குட்டி

கோட்டை வாசலில் மாலை வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் போட்ட வாழைப்பழத் தோல்களைப் புள்ளிமான்கள் மெல்லுகின்றன. அவற்றின் நடுவில் புள்ளியே இல்லாத ஒரு வெள்ளைக் குட்டி. அதன் கண்கள் நீலம். என் மனைவியின் தங்கை சோபனா கைக்குழந்தையான என் மகளை மடியில் இருத்திக்கொண்டு சிரிக்கிறாள். "பாருங்கோ அத்தான், எங்கட பிள்ளைக்குச் சொந்தக்காரர் வந்து நிக்கிறார்." மகளின் முன்மயிரிலும் ஒரு வெள்ளைக் கற்றை, அவளுக்கும் நீலக் கண்கள். பெற்ற அன்றே இறந்துபோன என் மனைவி நிரோஜினி அவற்றைப் பார்க்கவில்லை. நான் விலங்கியல் படித்தவன். உள்காதில் நிறம் தரும் உயிர்க்கலங்கள் உள்ள மெல்லிய பட்டை ஒன்று இருக்கிறது. கேட்பதற்கு வேண்டிய மின்சக்தியை அதுதான் காதுக்கு ஊட்டுகிறது. தோலுக்கும் காதுக்கும் அந்தக் கலங்கள் போய்ச் சேராத உயிர் வெள்ளையாகவும் செவிடாகவும் பிறக்கலாம். இதை நான் சோபனாவிடம் சொல்லவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது. மான்கள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்குகின்றன. வெள்ளைக்குட்டி மட்டும் மென்றபடி எங்களைப் பார்க்கிறது. "என்ன சத்தமப்பா! நெஞ்சு இடிக்குது," என்கிறாள் சோபனா. "பிள்ளை பயந்திட்டாளோ?" ஊதல் இன்னும் நிற்கவில்லை. மகள் இமைக்காமல் குட்டியைப் பார்த்துச் சிரிக்கிறாள்.