சட்டைப்பை

ஏற்காடு பயணியர் மாளிகையில் அமைச்சரிடம் மனு கொடுத்துவிட்டு வெளியே வந்த ஹலீமாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஏனுங்க, நம்ம ஊடு தப்பிச்சுருச்சுங்க. மத்தவங்க மனுவையெல்லாம் வாங்கிப் பி.ஏ. கையில குடுத்தாரு. நம்ம மனுவை மட்டும் நாலா மடிச்சு, தன் சட்டைப்பையிலயே வெச்சுக்கிட்டாரு பாத்தீங்களா?"

அவள் கணவர் நூர் முகமது முன்னால் நடந்தார். பதினைந்து வருடம் அந்த அமைச்சருக்கு அரசியல் ஆலோசகராக இருந்தவர். போன தேர்தலோடு கழற்றிவிட்டார்கள். இப்போது ரோட்டை அகலப்படுத்துவதற்காக, நாகலூரில் அவர் வீட்டைத் திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஹலீமா அடுப்பில் சேமியாப் பாயசம் வைத்தாள். அவர் பரணில் ஏறிச் சாக்குகளை இறக்கினார்.

"இது எதுக்குங்க?"

"பாத்திரத்தையெல்லாம் கட்டு. ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிரலாம்."

"என்னங்க பேசறீங்க? பழகுன பழக்கத்துக்கு, நெஞ்சுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்ட மனுசனுங்க அவரு."

நூர் முகமது சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செஞ்சு குடுக்கப் போகாத மனுவைப் பையில வெச்சுக்கங்க, குடுத்தவங்க நொம்ப சந்தோசமா ஊடு போய்ச் சேருவாங்கன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான், ஹலீமா. சாயங்காலம் சட்டை சலவைக்குப் போறதுக்கு முன்னால, அந்தப் பையைக் காலி பண்ணிக் குப்பையில போடறதும் என் வேலையாத்தான் இருந்துச்சு."