தட்டுனாத்தான் தோல்வி

ஜப்பான்ல ஒரு ஜூடோ தலைமைக் கூடம். ஜெயிச்சவன் அங்கயே வாத்தியாரு, தோத்தவன் ஊருக்குக் கிளம்பணும். சுடலைமுத்துக்குத் திரும்பிப் போக வீடில்ல. கடைசிப் போட்டியில தனக்கு எதிரா நின்ன ஜெபமணி அண்ணாச்சியைப் பாயில சாய்ச்சு, வலதுகையைத் தன் தொடைமேல நீட்டி வளைச்சான். பாயைத் தட்டினாதான் தோத்ததா அர்த்தம்.

"தட்டிருங்க அண்ணாச்சி, எலும்பு நெறியுது."

"கரும்புன்னு நெனச்சு முறிலே. கொஞ்சிக்கிட்டுக் கெடக்கான்."

சுடலைமுத்து கண்ணை மூடிக்கிட்டு இடுப்பைத் தூக்கினான். பச்சைக் கொம்பு ஒடிஞ்ச சத்தம் கூடம் பூரா கேட்டுச்சு. அவன் பதறிக் கையை விட்டான். நடுவரா நின்ன பெரிய வாத்தியார் நிறுத்தச் சொல்லல. அண்ணாச்சிதான் தட்டலயே.

அண்ணாச்சி வலியில உதட்டைக் கடிச்சு வந்த ரத்தத்தைத் துப்பிட்டு, மெதுவா உருண்டு வந்து, இடதுகையை அவன் தொடைமேல வச்சாரு.

"இந்தாலே."