மூடாத குழாய்

கோட்டயத்தில் எங்கள் நர்சிங் கல்லூரிக் கணினி அறையில் நான் ஏழாவது முறையாகச் சாகிறேன். தொடுதிரைப் பாடத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளிக்குக் குரல் கொடுத்தது நான்தான். "குளிருது சிஸ்டர், முதுகு வலிக்குது" என்று என் குரலே முனகுவதைக் கேட்டால் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மின்விசிறி கடகடக்கிறது. தட்டில் நேந்திரம்பழ பஜ்ஜி, பழம்பொரி, ஆறிக் கிடக்கிறது. ஜெஸ்ஸம்மா டீச்சரின் மூக்குக்கண்ணாடியில் திரையின் சிவப்பு எண்கள் நொடி நொடியாகக் குறைகின்றன: எட்டு, ஏழு, ஆறு. திரையின் அடியில் நான்கு பதில்கள் மினுக்குகின்றன. டீச்சர் எதையும் தொடவில்லை. படத்தில் ரத்தப் பையிலிருந்து இறங்கும் குழாயை மூடும் சின்ன உருளையையே கட்டைவிரலால் தேய்க்கிறார். அது அசையவில்லை. நான் அடங்கிப்போகிறேன். மதிப்பெண் பூஜ்யம். "டீச்சரே, அது வெறும் படம். 'ரத்தத்தை நிறுத்து'ன்னு மூணாவது பதில் இருக்கே, அதத் தொடுங்க. பதினோரு மணிக்குப் பிள்ளைங்க வந்துருவாங்க" என்கிறான் பாடத்தை வடிவமைத்த பிரிஜேஷ். "வரட்டும். ரத்தம் ஒத்துக்கலைன்னா மொதல்ல கை குழாய மூடணும், மோனே. வாசிக்கிறதெல்லாம் அப்புறம். நாலையும் வாசிச்சு மூணாவதத் தேடிட்டு இருந்தா, அதுக்குள்ள எத்தனை சொட்டு உள்ள போயிருக்கும்?" அவன் முகம் சிவக்கிறது. பாடத்தை மறுபடி ஓடவிடுகிறான். எட்டு, ஏழு. நான் முனகத் தொடங்குகிறேன். திரையை வெறித்தபடி நிற்கும் பிரிஜேஷின் கட்டைவிரல், மேசை விளிம்பில், இல்லாத ஓர் உருளையை உருட்டிக்கொண்டிருக்கிறது.