தகப்பன் கட்டம்

வம்சாவளியைக் காட்டிப் போலந்து குடியுரிமை வாங்க டெஸ்மண்ட் ருட்னிக்கிக்கு இன்னும் ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி: தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று. தாத்தாவின் தகப்பன் யான் ருட்னிக்கி போலந்திலிருந்து வந்து ரயில்வே பட்டறையில் ரிவிட் அடித்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் கப்பலில் வந்திறங்கிய பதிவும் கல்லறை எண்ணும் கிடைத்துவிட்டன. அதை நம்பி டெஸ்மண்ட் வேலையையும் விட்டாயிற்று.

மாதா கோயில் உபதேசியார் 1931ஆம் வருடப் பதிவேட்டைத் திறந்து விரலை வைத்தார். தாத்தாவின் பெயர் இருந்தது. தகப்பன் கட்டம் காலி. ருட்னிக்கியின் கையெழுத்து, ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவருக்கான ஞானத்தந்தை கட்டத்தில் இருந்தது.

“அப்போ இவர் எங்க ஆளு இல்லையா?”

“இருங்க தம்பி.”

உபதேசியார் பக்கத்தைத் திருப்பினார். வேறொரு குழந்தை, அங்கேயும் காலிக் கட்டம், அதே கையெழுத்து. அடுத்த பக்கத்திலும் அப்படியே. டெஸ்மண்ட் பதினொன்று வரை எண்ணினான்.

“அத்தனையும் அவர் பெத்ததா?”

“யார் கண்டா? அப்பன்னு சொல்ல ஆளில்லாத பிள்ளைக்கெல்லாம் இவர்தான் வந்து நின்னிருக்கார். இதுல எட்டாவது எங்க தாத்தா. நாங்க ருட்னிக்கிங்கிற பேர வச்சுக்கல, அவ்வளவுதான்.”

அவர் சான்றுப் படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். பெயர், தேதி, தாய். தகப்பன் கட்டத்துக்கு மேலே பேனா நின்றது.

“பங்குச் சாமியார் இதையெல்லாம் படிக்கமாட்டார், கையெழுத்து போட்டுடுவார். என்னன்னு எழுதட்டும்?”

டெஸ்மண்ட் உபதேசியாரையே பார்த்தான். குனிந்திருந்த அந்த முகத்தில் தன்னுடைய மூக்கு இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.